வெனிலா சாரம் (வீட்டுத் தயாரிப்பு)

வெனிலா சாரம் என்பது பதப்படுத்திய வெனிலா காய்களை, சாராயமும் நீரும் கலந்த திரவத்தில் பல வாரங்கள் ஊறவைத்து எடுக்கும் மணநீர் ஆகும். பார்ப்பதற்குக் கடுங்காபி நிறத்தில் இருக்கும். கேக், ஐஸ்கிரீம், கஸ்டர்டு, பிஸ்கட் ஆகியவற்றில் சில துளிகள் சேர்த்தால் போதும். இதைத் தயாரிக்க அடுப்போ இயந்திரமோ வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிப் புட்டி, சில காய்கள், சரியான திரவம், பொறுமை ஆகியவை இருந்தால் எந்த வீட்டிலும் செய்யலாம். ஆனால் காயைத் தேர்வதில் தவறினால் காசு வீண். திரவத்தைத் தேர்வதில் தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே செய்முறையைவிட இவ்விரண்டையுமே இக்கட்டுரை விரிவாகச் சொல்கிறது.

கடையில் கிடைக்கும் எசன்ஸ்

பழனியிலோ திண்டுக்கல்லிலோ மளிகைக் கடையில் 'வெனிலா எசன்ஸ்' என்று கேட்டால் கைக்கு அடக்கமான ஒரு சிறு புட்டி கிடைக்கும். பெரும்பாலும் அதில் வெனிலா காயின் சுவடே இருக்காது. வெனிலா மணத்துக்கு முதன்மைக் காரணமான வெனிலின் என்ற வேதிப்பொருளை ஆலையில் தயாரித்து, ஒரு கரைப்பானில் கலந்து, நிறமூட்டி அடைத்திருப்பார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. லேபிளைப் படித்தால் விவரம் தெரிந்துவிடும். உணவில் சேர்க்கும் மணப்பொருள் இயற்கையானதா, இயற்கையை ஒத்ததா, செயற்கையானதா என்று குறிப்பிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. ஆலையில் செய்த வெனிலின் 'இயற்கையை ஒத்தது' என்ற வகையில் வரும். எத்தில் வெனிலின் என்ற இன்னொன்று இயற்கையில் கிடைப்பதில்லை. அது 'செயற்கை' வகை. அதன் மணம் வெனிலினைவிடப் பல மடங்கு காரமானது. கேக் துண்டை வாயில் வைத்ததும் மூக்கில் குப்பென்று ஏறுகிறதே, அது பெரும்பாலும் இதன் வேலைதான்.

வெனிலினைக் காயிலிருந்து தூய பொருளாக முதலில் பிரித்தவர் பிரான்சு நாட்டு வேதியியலாளர் கோப்லே; ஆண்டு 1858. ஜெர்மனியைச் சேர்ந்த டீமானும் ஹார்மானும் 1874-இல், பைன் மரத்திலிருந்து கிடைக்கும் கோனிஃபெரின் என்ற பொருளைக் கொண்டு அதைச் செயற்கையாக உருவாக்கினர். இன்று உலகில் பயன்படும் வெனிலினில் பெரும்பகுதி பெட்ரோலிய வழிப் பொருளான குவையகாலிலிருந்து தயாராகிறது. காயிலிருந்து வருவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

வெனிலின் என்ற மூலக்கூறு காயில் இருந்தாலும் ஆலையில் பிறந்தாலும் ஒன்றுதான். பிறகு ஏன் மணம் வேறுபடுகிறது? காயில் வெனிலின் தனியாக இல்லை. அதனோடு நூற்றுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள் சிறு சிறு அளவில் கலந்திருக்கின்றன. ஒற்றை நாதஸ்வரத்துக்கும், தவிலும் ஒத்தும் தாளமும் சேர்ந்த முழு மேளத்துக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

காய் வரும் வழி

வெனிலா ஆர்க்கிட் குடும்பத்துக் கொடி. தாயகம் மெக்சிகோவும் அதை ஒட்டிய நடு அமெரிக்கப் பகுதிகளும். மெக்சிகோவின் கிழக்குக் கடலோரத்தில் வாழும் தொத்தொனாக் மக்கள் நெடுங்காலமாக இதைப் பயிரிட்டு வந்தனர். ஐரோப்பியர் கொடியைத் தங்கள் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டு போனபோது அது தழைத்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. பூவுக்குள் மகரந்தப் பைக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் திரைபோல நிற்கிறது. தாயகத்தில் அந்தத் தடையைத் தாண்டி மகரந்தம் சேர்க்கும் தேனீக்கள் மற்ற நாடுகளில் இல்லை.

இந்தச் சிக்கலை எளிய முறையில் தீர்த்தவன் ஒரு சிறுவன். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் அடிமையாகப் பிறந்த எட்மண்ட் என்ற 12 வயதுப் பையன், 1841-இல், ஒரு சிறு குச்சியால் அந்த மடலை விலக்கி, மகரந்தத்தைச் சூல்முடியில் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான். பெல்ஜியத்தில் பேராசிரியர் மோரன் 1836-லேயே செயற்கை மகரந்தச் சேர்க்கையைச் செய்திருந்தார். ஆனால் தோட்டத் தொழிலாளி நொடிப்பொழுதில் செய்யக்கூடிய முறை இந்தப் பையனுடையதே. இன்றும் உலகெங்கும் அதே முறைதான். அவனுக்கு 1848-இல் விடுதலை கிடைத்தது. ஆல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் அப்போதுதான் வந்தது. அவனது கண்டுபிடிப்பால் ஒரு தீவே செழித்தது. அவனோ 1880-இல் வறுமையில் இறந்தான். வகுப்பில் மகரந்தச் சேர்க்கைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இக்கதையையும் சேர்த்துச் சொல்லலாம், பாடம் மறக்காது.

தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்துக் கல்லார், பர்லியார் தோட்டங்களிலும், பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதியில் தென்னைக்கும் பாக்குக்கும் ஊடுபயிராகவும் வெனிலா வளர்க்கப்பட்டுள்ளது. எங்கள் கீரனூர் பழனிக்கு வடக்கே சமவெளியில் இருப்பது. இங்குள்ள வெயிலும் வறண்ட காற்றும் இக்கொடிக்கு ஒத்துவராது. அதற்குப் பாதி நிழலும் ஈரக்காற்றும் இலைமக்கு நிறைந்த மண்ணும் வேண்டும். மிளகும் காபியும் விளையும் மலைச்சரிவுகளின் தட்பவெப்பமே ஏற்றது. கல்யாண முருங்கை, கிளைரிசிடியா போன்ற மரங்களில் கொடியை ஏற்றுவார்கள். நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் பூக்கும். ஒவ்வொரு பூவும் ஒரே நாள், அதுவும் காலையில் மட்டுமே மலர்ந்திருக்கும். அதற்குள் கையால் மகரந்தம் சேர்க்காவிட்டால் அந்தப் பூ உதிர்ந்துவிடும். சேர்த்தபின் காய் முற்ற 9 அல்லது 10 மாதங்கள் ஆகும். குங்குமப்பூவுக்கு அடுத்தபடியாக விலை உயர்ந்த மணப்பொருள் என்று வெனிலாவைச் சொல்வதற்கு இந்தக் கைவேலைதான் காரணம்.

விலை ஏறி விழுந்த கதை

உலக வெனிலாவில் பெரும்பகுதி மடகாஸ்கர் தீவில் விளைகிறது. 2000 ஏப்ரலில் அங்கு வீசிய ஹூடா புயல் தோட்டங்களை அழித்தது. காய் கிடைக்காமல் விலை ஏறத் தொடங்கியது. 2003 வாக்கில் கேரளத்தில் பச்சைக் காயே கிலோ 3,000 ரூபாயைத் தாண்டி விற்றது. கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றிலும் உழவர்கள் கடன் வாங்கிக் கொடி நட்டனர். துண்டுக் கொடிக்கே நல்ல விலை. காயைத் திருடிச் செல்வார்கள் என்று இரவில் தோட்டத்தில் காவல் படுத்தார்கள்.

பின்னர் நடந்தது கொடுமை. விலை தாங்காத உணவு ஆலைகள் செயற்கை வெனிலினுக்கு மாறிக்கொண்டன. மடகாஸ்கரிலும் விளைச்சல் மீண்டது. 2004, 2005 ஆண்டுகளில் விலை சரிந்து, பச்சைக் காய் நூறு ரூபாய்க்கும் கீழே போனது. அதாவது 2003-இல் நட்டவருடைய கொடி பூக்கும் நேரத்தில் வாங்குவதற்கு ஆளில்லை. பலர் கொடியை வெட்டி எறிந்தனர். அழுகல் நோயும் சேர்ந்துகொள்ள, பரப்பு சுருங்கியது. 2017 மார்ச்சில் எனாவோ புயல் மடகாஸ்கரைத் தாக்கியபோது விலை மறுபடியும் உச்சத்துக்குப் போனது. அப்போது விற்பதற்கு இங்கே பலரிடம் கொடியே இல்லை.

தென்னிந்தியாவில் இன்றும் சில தோட்டக்காரர்கள் தாங்களே காயைப் பதப்படுத்தி நேரடியாக விற்கிறார்கள். சாரம் தயாரிக்க விரும்புவோர் அவர்களிடம் வாங்குவது இருவருக்கும் நல்லது. எந்த ஆண்டுக் காய் என்று கேட்டு வாங்கலாம் என்பது கூடுதல் வசதி.

பச்சைக் காயில் மணம் இல்லை

இது பலருக்குத் தெரியாத செய்தி. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் மலைத்தோட்டத்திலிருந்து நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பச்சைக் காய்களை அப்படியே நறுக்கிப் புட்டியில் போட்டு, இரண்டு மாதம் ஆவலோடு காத்திருந்தேன். திறந்து பார்த்தபோது அறுத்த புல்லின் வாடைதான் வந்தது. புட்டியைக் கொட்ட வேண்டியதாயிற்று.

காரணம் இது. பச்சைக் காயில் வெனிலின், சர்க்கரை மூலக்கூறு ஒன்றுடன் பிணைந்து, குளுக்கோவெனிலின் என்ற மணமற்ற பொருளாக இருக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதியும் காயிலேயே உள்ளது. ஆனால் இரண்டும் காயின் திசுவுக்குள் தனித்தனி இடங்களில் அடைபட்டிருக்கின்றன. அவற்றைச் சந்திக்க வைப்பதே பதப்படுத்தல்.

முதலில் காய்களைச் சுமார் 63 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 3 நிமிடம் அமிழ்த்துவார்கள். திசு உயிரிழந்து, உள்ளறைகள் உடைந்து, நொதி வேலையைத் தொடங்கும். நீர் கொதித்துவிட்டால் நொதியே கெட்டுவிடும். ஆகவே வெப்பமானி இல்லாமல் செய்யக் கூடாது. உடனே கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து வியர்க்க விடுவார்கள். மறுநாள் காய் சாக்லேட் நிறமாகியிருக்கும். அடுத்த ஒரு வாரம், பத்து நாள், பகலில் சில மணி நேரம் வெயிலில் காயவைத்து, சூட்டோடு சூடாகக் கம்பளியில் சுற்றி வைப்பது தொடரும். பிறகு இரண்டு மூன்று வாரம் நிழலில் உலர்த்தல். கடைசியாக, மூடிய பெட்டியில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால்தான் மணம் முழுமை பெறும். 5 அல்லது 6 கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ பதப்படுத்திய காய் கிடைக்கும். நன்கு பதமான காயின் எடையில் சுமார் 2 விழுக்காடு வெனிலின்.

சாரம் என்பது பதப்படுத்தலில் உண்டான மணத்தை வெளியே எடுப்பது மட்டுமே. புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. மோசமான காயை எவ்வளவு நாள் ஊறவைத்தாலும் பயனில்லை.

வாங்கும்போது, காய் கருஞ்சாக்லேட் நிறத்தில், விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும். ஈரப்பதம் அதிகமுள்ள பளபளப்பான முதல்தரக் காய் விலை கூடியது. சாரத்துக்கு அது தேவையில்லை. சற்றே உலர்ந்த இரண்டாந்தரக் காய் மலிவு. ஈரம் குறைவாக இருப்பதால் அதே எடைக்கு மணப்பொருளும் கூடுதலாகக் கிடைக்கும். காயின்மேல் சில சமயம் வெண்மையாக ஏதோ படிந்திருக்கும். வெயிலில் பிடித்தால் ஊசி ஊசியாக மின்னினால் அது வெனிலின் படிகம், நல்ல அறிகுறி. மங்கலாக, பஞ்சுபோலப் படர்ந்து, முடைநாற்றம் வீசினால் பூஞ்சணம். அத்தகைய காயைத் துடைத்துவிட்டும் பயன்படுத்தக் கூடாது.

எந்தத் திரவம்

வெனிலின் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். எத்தில் ஆல்ககாலில் எளிதில் கரையும். ஆனால் காயிலுள்ள மற்றப் பொருள்களில் சில நீரில் கரைபவை. ஆகவே இரண்டும் கலந்த திரவமே சிறந்தது. அமெரிக்க உணவுத் தர விதி, 'வெனிலா சாரம்' என்ற பெயரில் விற்பதில் குறைந்தது 35 விழுக்காடு ஆல்ககால் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் விற்கும் வோட்கா, ரம் போன்றவற்றில் வழக்கமாக 42.8 விழுக்காடு என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அதுவே போதும், மேலும் நீர் சேர்க்க வேண்டியதில்லை. தனக்கென மணம் அதிகம் இல்லாததால் வோட்கா ஏற்றது. ரம்மில் செய்தால் வெல்லப்பாகு மணம் கலந்து வரும். பிளம் கேக்குக்கு அது நன்றாகவே இருக்கும். பீர், ஒயின் ஆகியவற்றில் ஆல்ககால் குறைவு, காய் கெட்டுவிடும்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'ஸ்பிரிட்' என்ற பெயரில் விற்கும் எல்லாம் குடிக்கத் தக்கவை அல்ல. பெயின்ட் கடையில் மர பாலிஷுக்கு விற்பது, மருந்துக் கடையில் காயம் துடைக்க விற்பது, கை கழுவும் சானிடைசர், பள்ளி ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்குக்கு ஊற்றுவது ஆகிய எதையும் சாரம் தயாரிக்கப் பயன்படுத்தவே கூடாது. இவற்றில் மெத்தனால், ஐசோபுரொபைல் ஆல்ககால் போன்றவை இருக்கலாம். எத்தனால் என்றே எழுதியிருந்தாலும், யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே நச்சுப் பொருள் கலந்திருப்பது உண்டு. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் கொல்லும். நிறத்தாலோ மணத்தாலோ அதை எத்தனாலிலிருந்து பிரித்தறிய முடியாது. வடிகட்டினாலும் போகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். முத்திரை உடையாத, உரிமம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்கிய குடிவகையைத் தவிர வேறு எதையும் நம்பக் கூடாது. தெரிந்தவர் கொடுத்தார் என்பது போதாது. மாணவர்கள் இச்சோதனையைத் தாங்களே செய்ய முற்படாமல், அடுத்து வரும் ஆல்ககால் இல்லாத முறைகளை வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து செய்து பார்க்கலாம்.

செய்முறை

அளவைக் காயின் எண்ணிக்கையில் சொல்வது பிழை. காய் சிறிதும் பெரிதுமாக இருக்கும், எடைதான் கணக்கு. மேற்சொன்ன அமெரிக்க விதியை மெட்ரிக் அளவில் மாற்றினால், ஒரு லிட்டர் திரவத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் காய் வருகிறது. 180 மி.லி. புட்டி ஒன்றுக்கு 18 கிராம். அதாவது நடுத்தரமான காய் 5 முதல் 7. ஒரு புட்டி வோட்காவில் ஒரே ஒரு காயைப் போட்டுவிட்டு மணம் வரவில்லை என்று சொல்வோர் உண்டு. தமிழ்நாட்டு நகைக்கடைத் தராசு இதற்கு ஏற்றது. கேட்டால் நிறுத்துத் தருவார்கள்.

கண்ணாடிப் புட்டியையும் மூடியையும் வெந்நீரில் கழுவி, ஈரமில்லாமல் உலர்த்தவும். காயை நீளவாக்கில் கீறி, இரண்டு அல்லது மூன்று செ.மீ. துண்டுகளாக நறுக்கவும். உள்ளே இருக்கும் கருமணி விதைகளையும் விடாமல் புட்டியில் போட்டு, துண்டுகள் முழுதும் மூழ்கும்படி வோட்காவை ஊற்றி இறுக மூடவும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் பூஞ்சணம் பிடிக்கும். தேதியை எழுதி ஒட்டவும். இருட்டான அலமாரியில் வைத்து, வாரம் ஒருமுறை குலுக்கவும். அவ்வளவுதான்.

ஓரிரு நாளில் நிறம் இறங்கிவிடும். நிறம் வந்ததும் தயாராகிவிட்டது என்று எண்ண வேண்டாம். முதல் மாதம் திறந்து முகர்ந்தால் சாராய நெடியே முந்தும். இரண்டு மாதத்தில் பயன்படுத்தலாம். ஆறு மாதம் கழிந்தால் நெடி அடங்கி மணம் முன்னே வரும். விரைவுபடுத்துவதாக எண்ணிப் புட்டியை அடுப்பருகே வைப்பதோ கேஸ் அடுப்பில் சூடாக்குவதோ கூடவே கூடாது. ஆல்ககால் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். குளிர்பதனப் பெட்டியும் வேண்டாம். குளிரில் கரைசல் கலங்கிப் பிசின் படியும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டின் பரண் அனலாகக் கொதிக்கும். ஆகையால் வீட்டிலேயே குளிர்ந்த மூலை எதுவோ, அரிசிப் பானை இருக்கும் இடம் போன்ற ஒன்று, அங்கே வைக்கலாம்.

ஆல்ககால் இல்லாமல்

சமய நெறியாலோ குடும்ப வழக்கத்தாலோ மதுவை வீட்டுக்குள் அனுமதிக்காதவர்கள் எங்கள் பகுதியில் மிகுதி. வேகும்போது ஆல்ககால் முழுதும் ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்வது வழக்கம். அது சரியல்ல. கேக் வெந்த பிறகும் சேர்த்ததில் ஒரு பங்கு எஞ்சவே செய்யும். அளவு மிகச் சிறிது என்பது உண்மை. ஆனால் வேண்டாம் என்பவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.

அவர்களுக்கு இரு வழிகள் உண்டு. முதலாவது கிளிசரின். உணவுத் தரம் என்று தெளிவாகக் குறிப்பிட்ட தாவரக் கிளிசரின் மூன்று பங்கு, கொதித்து ஆறிய நீர் ஒரு பங்கு கலந்து, மேற்சொன்ன எடையளவில் காயை ஊறவைக்கலாம். கிளிசரின் மணத்தை மெதுவாகவே இழுக்கும். ஆறு மாதமாவது ஆக வேண்டும். அப்போதும் சற்று மென்மையாகத்தான் இருக்கும். தோலில் பூசுவதற்கோ தொழிற்சாலைக்கோ விற்கும் கிளிசரின் ஆகாது. தரம் குறைந்த கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு கலந்திருந்த நிகழ்வுகள் உலகில் பலமுறை நேர்ந்துள்ளன.

இரண்டாவது வழி இன்னும் எளிது: வெனிலா சர்க்கரை. அரைக் கிலோ சர்க்கரையில் ஒன்றிரண்டு காய்களைக் கீறிப் புதைத்து, இறுக மூடி மூன்று வாரம் விட்டால் சர்க்கரை முழுதும் மணக்கும். காயின் ஈரத்தால் கட்டி கட்டியானால் உதிர்த்துவிட்டால் போதும். கேக்குக்கும் பாலுக்கும் சாதாரணச் சர்க்கரைக்குப் பதிலாக இதையே போடலாம். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் வரும்போது குக்கரில் உப்பைப் பரப்பி முட்டையில்லாக் கேக் செய்வது வழக்கம். அதற்கு இந்தச் சர்க்கரைதான்.

பயன்படுத்தும் முறை

அரைக் கிலோ கேக்குக்கு ஒரு தேக்கரண்டி சாரம் போதும். கஸ்டர்டு, பாயசம் போன்றவற்றில் அடுப்பை அணைத்து, சூடு சற்று தணிந்த பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும்போது ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். எசன்ஸ் பழகிய நாக்குக்கு முதலில் மணம் குறைவாகத் தோன்றும். அதற்காக அளவைக் கூட்ட வேண்டாம். ஏலக்காய் போட்ட பண்டத்தில் வெனிலாவைச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

வீட்டுத் தேவைக்குத் தயாரிப்பது வேறு, விற்பது வேறு. உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். ஆல்ககால் கலந்த பொருள் என்பதால் மதுவிலக்கு, ஆயத்தீர்வை விதிகளையும் விசாரிக்காமல் இறங்கக் கூடாது.

சாரத்தை எடுக்க எடுக்கப் புட்டியில் சிறிது வோட்காவை ஊற்றி நிரப்பி வரலாம். இரண்டு மூன்று முறைக்குப் பின் நிறம் வெளுத்துக்கொண்டே வரும். அப்போது புதுக் காய் ஒன்றிரண்டு சேர்க்க வேண்டும். சாறு இறங்கிய பழைய துண்டுகளையும் எறிய வேண்டியதில்லை. நிழலில் உலர்த்தி, சர்க்கரையோடு மிக்சியில் பொடித்துச் சலித்து வைத்தால் இன்னும் ஒரு மாதத்துக்குப் பாலில் கலக்க உதவும்.